கோர்ட்டில் ஜெயித்த கோப்பையா?

பதிவு நீளம். படிக்காமலேயே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் கடைசி பெஞ்சில் தலையாட்டியவர்கள்தான் இங்கேயும் அதைச் செய்கிறார்கள்.

2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை, நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. 2024-25 ஐ-லீக் கால்பந்து சாம்பியன் இன்டர் காசி என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்திலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அறிவித்துவிட்டது. அதற்குக் கீழே என் மாணவன் ஒருவன் எழுதினான்: "கோர்ட்ல ஜெயிச்ச கப்பு சார், கிரவுண்ட்ல ஜெயிக்கல." இன்னொருவன் எழுதினான்: "செகண்ட் டிவிஷன்தானே சார், விடுங்க." இருபத்தெட்டுப் பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன், ஏனென்றால் அந்த இரண்டு வரியுமே தப்பு. இரண்டாவது வரி முதல் வரியைவிடப் பெரிய தப்பு.

கிரிக்கெட் மட்டும் பார்க்கும் என் மாப்பிள்ளைகளுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மேல் தட்டு கால்பந்து ஐஎஸ்எல். 2024-25-இல் அதற்கு அடுத்த படி ஐ-லீக். அதில் 12 அணிகள் இருந்தன. ஒவ்வொரு அணியும் 22 ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. முதலில் வரும் அணி ஐஎஸ்எல்லுக்கு ஏறும். கடைசியில் வரும் அணிகள் கீழே இறங்கும்.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாள். நான்கு அணிகளுக்கு வாய்ப்பு இருந்தது. ஸ்ரீநகரில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், ரியல் காஷ்மீரோடு 1-1 என்று சமன் செய்தது. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா சொந்த மைதானத்தில் மூன்று கோல் போட்டும் டெம்போவிடம் 3-4 என்று தோற்றது. இன்டர் காசி ராஜஸ்தான் யுனைடெட்டை 3-1 என்று வென்றது. கணக்குப் போட்டால் சர்ச்சில் 40, இன்டர் காசி 39. இப்படி ஒரு கடைசி நாள் எந்த லீக்குக்கும் வரம். பத்திரிகைக்காரன் மூன்று நாள் எழுதலாம். ஆனால் அன்று இரவு சாம்பியன் யார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

காரணம் ஜனவரி 13-இல் நடந்த ஓர் ஆட்டம். பஞ்சாபின் நாம்தாரி அணி இன்டர் காசியை 2-0 என்று வென்றது. ஆனால் நாம்தாரி இறக்கிய பிரேசில் வீரர் ஒருவர் ஏற்கெனவே நான்கு மஞ்சள் அட்டை வாங்கியவர். நான்கு வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. இன்டர் காசி புகார் கொடுத்தது. பிப்ரவரியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு, புகார் சரி, ஆட்டம் இன்டர் காசிக்கு 3-0 என்றது. நாம்தாரி மேல்முறையீடு செய்தது. மார்ச் மாதம் அதே கூட்டமைப்பின் மேல்முறையீட்டுக் குழு அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஆட்டங்கள் எல்லாம் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 18-இல், அதை ரத்தும் செய்தது. மறுநாள் சர்ச்சில்தான் சாம்பியன் என்று அறிவிப்பு. லோசானிலிருந்து பரிசளிப்புக்குத் தடை வந்த அதே நாளில் கோவாவில் கோப்பையும் கொடுத்து, மெடலும் மாட்டி, போட்டோவும் எடுத்தாயிற்று. ஜூன் மாதம் தீர்ப்பாயம் அந்த 3 புள்ளி இன்டர் காசிக்கே என்றது. ஆக 42. அப்புறமும் தீரவில்லை. இன்டர் காசி ஒரு ஸ்பெயின் வீரரை நடுவில் நீக்கிவிட்டு மறுபடி பதிவு செய்தது விதிமீறல் என்று இன்னொரு வழக்கு. அதிலும் கூட்டமைப்பின் குழு ஒன்று சொல்ல, தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டது. கடைசி விசில் ஊதி 103 நாள் கழித்துத்தான் சாம்பியன் யார் என்று தெரிந்தது.

இப்போது முதல் பையனுக்கு வருகிறேன். கண்ணு, நீ ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். மஞ்சள் அட்டை எங்கே காட்டப்படுகிறது? மைதானத்தில். நான்கு அட்டை வாங்கியவன் ஆடக்கூடாது என்பது ஆப்சைடு மாதிரி ஆட்டத்தின் விதிதான். ஆப்சைடு கோலை நடுவர் தள்ளினால் அதை "கோர்ட் தீர்ப்பு" என்பாயா? ஆடக்கூடாதவன் ஆடினான் என்றால் அந்த 2-0 மைதானத்தில் கிடைத்த வெற்றியே இல்லை. இன்டர் காசி லோசானுக்குப் போனதில் எனக்குக் குறை இல்லை. உள்ளூரில் நியாயம் கிடைத்திருந்தால் யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

சர்ச்சில் மீதும் குறை இல்லை. 1988-இல் தொடங்கிய அணி, இரண்டு முறை தேசிய சாம்பியன். அந்தப் பையன்கள் தங்கள் 22 ஆட்டத்தையும் ஆடினார்கள். கூட்டமைப்பு கொடுத்த கோப்பையை வாங்கினார்கள். வேறென்ன செய்வார்கள்?

என் கோபம் ரிஜிஸ்டர் வைத்திருந்தவர் மேல். முப்பத்து நாலு வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன். ஒரு பையன் பரீட்சை எழுதத் தகுதி இல்லாதவன் என்றால் அது ஹாலுக்குள் நுழையும் முன்னால் தெரிய வேண்டும். எழுத விட்டு, திருத்தி, மார்க் போட்டு, பட்டியல் ஒட்டிய பிறகு "இவன் எழுதியிருக்கக் கூடாது" என்றால் தப்பு பையன் மேல் மட்டும் இல்லை. அட்டை காட்டிய நடுவர் கூட்டமைப்பின் ஆள். அறிக்கை போவது கூட்டமைப்பின் ஆபீசுக்கு. மொத்தமே 12 அணி, 132 ஆட்டம். நான்கு வரை எண்ணுவதற்கு என்ன கம்ப்யூட்டர் வேண்டும்? ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை "நாளை ஆடக்கூடாதவர்கள்" என்று ஒரு தாள், அதில் இரண்டு மேனேஜரும் ஒரு கையெழுத்து. அதை வாங்கியிருந்தால் லோசான் என்ற ஊர்ப் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

எண்ணத் தவறினார்கள், போகட்டும். மனிதர்கள்தானே. தீர்ப்பையாவது ஒரு வாரத்தில் சொல்லியிருக்கலாம். ஜனவரி ஆட்டத்துக்குப் பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு, மார்ச்சில் நிறுத்தம், ஏப்ரலில் ரத்து. இந்த மூன்று மாதமும் அந்த நான்கு அணிகளும் எத்தனை புள்ளி வேண்டும் என்று தெரியாமலே ஆடியிருக்கின்றன. ஸ்ரீநகரில் சமன் போதுமா, ஜெயிக்க வேண்டுமா? பயிற்சியாளர் பையன்களிடம் என்ன சொல்லி அனுப்புவார்? எத்தனைக்கு எத்தனை மார்க் என்று சொல்லாமல் கேள்வித்தாள் கொடுத்த மாதிரி.

இதில் இன்னொன்று என்னை உறுத்துகிறது. இன்டர் காசி 2023-இல் பிறந்த, பண வசதியுள்ள அணி. பெயரில் காசி, சொந்த மைதானம் என்று ஆடியது வங்காளத்துக் கல்யாணியில். (கங்கை அங்கேயும் ஓடுகிறது என்று சமாதானம் சொல்லலாம்.) அவர்களால் சுவிட்சர்லாந்து வரை வக்கீல் வைக்க முடிந்தது. ஐசால் மாதிரி ஒரு மலை ஊர் அணிக்கு இதே அநியாயம் நடந்திருந்தால்? ஏப்ரல் 18-ஆம் தேதி தீர்ப்போடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும். அந்தத் தீர்ப்பு தப்பு என்பதே வெளியே தெரிந்திருக்காது. இப்படி எத்தனை போயிருக்கிறதோ என்றுதான் நான் யோசிக்கிறேன்.

இனி "செகண்ட் டிவிஷன்தானே" என்றவனுக்கு. தம்பி, 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் நான் இருந்தேன். நம் சென்னை சிட்டி அணி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபோடு ஆடியது. முதல் கோல் மினர்வா போட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு கண் மைதானத்தில், ஒரு கண் போனில். பிறகு நம்மவர்கள் மூன்று போட்டார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் சாம்பியன். முன்பின் தெரியாத ஒரு ஆட்டோக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல்லுக்குள் நுழையக் கதவே கிடையாது. அடுத்த வருஷமே ஈஸ்ட் பெங்கால் முதலாளி பிடித்துக்கொண்டு உள்ளே போனது. சாம்பியனான சென்னை சிட்டி இன்று இல்லவே இல்லை.

2022-23 சீசனில்தான் அந்தக் கதவு திறந்தது. முதல் வருஷம் பஞ்சாப் ஏறியது, அடுத்த வருஷம் முகமதன் ஸ்போர்ட்டிங். ஆடி ஜெயித்தால் மேலே போகலாம் என்பது இந்தியக் கால்பந்தில் அவ்வளவு புதுசு. மூன்றாவது வருஷமே அதைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள். இன்னும் கேள். அந்த சீசனில் கீழே வந்தவன் இறக்கப்பட்டது ஐ-லீக்கில்தான். ஐஎஸ்எல்லில் அப்போது கடைசியில் வந்தாலும் அங்கேயே இருக்க முடிந்தது. அந்த ஐஎஸ்எல்லும் ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது, புது ஒப்பந்தம் இல்லை என்று 2025 ஜூலை 11-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. இன்டர் காசிக்கு அனுமதிச் சீட்டு வந்தது ஜூலை 18-இல். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு ஏழு நாள் கழித்து அட்மிஷன் கொடுத்தார்கள்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று என் வீட்டம்மா கேட்டாள். அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டாள். உங்களில் 1994 செட்டுக்கும் தெரியும்.

அப்போது நம் நடுநிலைப்பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது. கணக்கும் நான்தான், பந்தும் நான்தான். குறுவட்டப் போட்டிக்குப் பதினோரு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஷூ கிடையாது. வெறுங்கால். அரையிறுதியில் தோற்றோம். எதிரணியில் ஒரு பையனுக்கு மீசை. வயது கூடியவன் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தபால் வந்தது. எங்கள் புகார் சரியாம். அந்த ஆட்டம் எங்களுக்கே வெற்றியாம். அதற்குள் இறுதியாட்டம் முடிந்து, மாவட்டப் போட்டியும் முடிந்து, அரைப் பரீட்சையே வந்துவிட்டது.

நான் அந்தத் தபாலைப் பெருமையாகப் பிரேயரில் படித்தேன். பையன்கள் கை தட்டினார்கள். கோல் கீப்பர் பையன் வரிசையிலிருந்தே கேட்டான்: "அப்போ ஃபைனல் எப்ப சார்?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை, விசைத்தறிக்குப் போய்விட்டான். தபால் வந்ததற்கும் அவன் நின்றதற்கும் சம்பந்தம் இல்லை என்று முப்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இருக்கலாம். ஆனால் அந்த வருஷம் அவன் மாவட்டப் போட்டி ஆடியிருக்க வேண்டியவன். ஆட விடாமல் செய்தது மீசை வைத்த பையன் இல்லை. மூன்று மாதம் மேசையில் கிடந்த காகிதம்தான்.

இப்போது என் தங்கை மகள் போன் செய்கிறாள். அவள் பையன் எட்டாம் வகுப்பு, இடது கால் ஆட்டக்காரன், நன்றாக ஆடுகிறான். கேரளாவில் ஒரு அகாடமியில் கேட்கிறார்கள். "மாமா, நம்பி அனுப்பலாமா?" என்கிறாள். அவனுக்குத் திறமை இருக்கிறதா என்று கேட்டால் உடனே சொல்வேன். அவள் கேட்பது அது இல்லை. அவன் ஜெயித்தால் ஜெயித்ததாக அன்றைக்கே எழுதி வைப்பார்களா என்று கேட்கிறாள். ஐஎஸ்எல்லில் ஆடப்போகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். இப்படிப்பட்ட ஆயிரம் பையன்களுக்குச் சோறு போடப்போவது இரண்டாம் படியும் மூன்றாம் படியும்தான். ஒரு ஆட்டக்காரனுக்கு மொத்தம் பத்துப் பன்னிரண்டு சீசன். அதில் ஒன்றைக் காகிதத்தில் கரைத்துவிட்டு "செகண்ட் டிவிஷன்தானே" என்கிறாய்.

அனுப்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனோடு கோயம்புத்தூர் போய் பூட்ஸ் வாங்க வேண்டும்.

சிரிக்கும் பொம்மை போட்ட இருபத்தெட்டுப் பேரும் கீழே பதில் எழுதலாம். சார் சொன்னது தப்பு என்றாலும் எழுதுங்கள். பொம்மை வேண்டாம், தமிழில், எழுத்துப்பிழை இல்லாமல்.