பத்திரம் பதிஞ்சாச்சு, ஆனா வீடு உங்களுதா?

அப்பாவோட பிஎஃப் பணம், அம்மாவோட நகை, நம்மளோட 20 வருஷ இஎம்ஐ. ரெட்டியார்பாளையத்திலயோ மூலக்குளத்திலயோ ஒரு சின்ன வீடு வாங்க இவ்வளவையும் கொட்டுறோம். பதிவு அன்னிக்கு உழவர்கரை சார்பதிவாளர் ஆபீஸ்ல போட்டோ எடுத்து, கைரேகை வச்சு வெளிய வந்ததும் "வீடு நம்மளுது"ன்னு ஸ்வீட் கொடுக்கிறோம்.

அவசரப்படாதீங்க தோழர்களே!

1908 பதிவுச் சட்டப்படி அங்க பதிவாகுறது ஆவணம் மட்டும்தான். விற்கிறவருக்கு உரிமை இருக்கான்னு விசாரிப்பது சார்பதிவாளர் வேலையே இல்லைன்னு 2025 ஏப்ரல் 7-ல் கே.கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. அது தமிழ்நாட்டு வழக்கு. ஆனா புதுவைக்கும் அதே மத்தியச் சட்டம்தான்.

அப்போ முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம்னு லட்சக்கணக்குல வாங்குற அரசு நமக்கு எதுக்கு உத்தரவாதம் தருது? எதுக்கும் இல்லை!

ரெயின்போ நகர் காமாட்சியம்மன் கோயில் நிலம் மறந்துடுச்சா? போலி ஆவணம் போட்டு கோயில் சொத்தையே வித்ததா வழக்கு. அதில் 2023-ல் கைதானவர்களில் அரசு அதிகாரிகளும் உண்டு. அம்மன் நிலத்துக்கே இந்தக் கதின்னா, நம்ம 1000 சதுர அடிக்கு யார் காவல்?

அதனால, மீதிப் பணம் கைமாறுறதுக்கு முன்னாடி:

👉 குறைஞ்சது 30 வருஷ வில்லங்கச் சான்று எடுங்க. பத்திரத்தை அடகு வச்ச கடன் சில நேரம் அதுல தெரியாது. ஒரிஜினலைக் கண்ணால பாருங்க, ஜெராக்ஸை நம்பாதீங்க.

👉 பிரெஞ்சுக் காலத்து மூலப்பத்திரமா? பிரெஞ்சு தெரிஞ்ச வக்கீல்கிட்ட காட்டுங்க. பிரான்ஸ்ல இருக்கிற வாரிசு உட்பட எல்லாரும் கையெழுத்து போட்டாங்களான்னு பாருங்க.

👉 பவர் பத்திரத்தை மட்டும் கையில வாங்கிட்டு பணம் கொடுக்காதீங்க. அதனால சொத்து கைமாறாதுன்னு 2011-லேயே சூரஜ் லேம்ப் வழக்கில் தீர்ப்பு வந்தாச்சு.

👉 புது ஃபிளாட்டா? ரேரா பதிவு எண் கேளுங்க. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாம 10 சதவீதத்துக்கு மேல பில்டர் வாங்கக் கூடாது. ரேரா சட்டம் 13-வது பிரிவு.

👉 விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா 1 சதவீத டிடிஎஸ் பிடிச்சுக் கட்ட வேண்டியது வாங்குற நீங்கதான்.

👉 பதிவோட நிறுத்தாதீங்க. பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு எல்லாத்தையும் உடனே பேர் மாத்துங்க.

இத்தனையையும் சாதாரண குடும்பமே அலைஞ்சு பாக்கணும்னா, அரசு எதுக்கு?

"சட்டத்துல இடமில்லை"ன்னு சொல்லுவாங்க. சரி, சார்பதிவாளர் தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஆனா தகவலைக் காட்டக் கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது? யுபிஐ-ல 10 ரூபாய் அனுப்பினாலே பணம் யாருக்குப் போகுதுன்னு பேர் காட்டுது. 50 லட்சம் கொடுக்குறவனுக்கு அந்த வசதி கூட கிடையாதா?

புதுவை அரசே, மூணே கோரிக்கை:

✊ பதிவுத் துறை, நில அளவைத் துறை, நீதிமன்ற வழக்கு விவரம் எல்லாம் சர்வே எண் போட்டா ஒரே திரையில வரணும்.
✊ கோயில் நிலம், அரசு நிலம், ஏரி புறம்போக்கு சர்வே எண்களை முழுசா வெளியிடணும்.
✊ அதிகாரி துணையோட நடந்த மோசடின்னு நிரூபணமானா, ஏமாந்த குடும்பத்துக்கு அரசே இழப்பீடு தரணும்.

கட்டணம் வாங்கத் தெரிஞ்ச கைக்கு பொறுப்பு ஏற்கவும் தெரியணும்!

வீடு பாத்துட்டிருக்கிற ஒரு அண்ணனுக்கோ அக்காவுக்கோ இதை இப்பவே ஷேர் பண்ணுங்க.

#பத்திரம்மட்டும்போதாது #உழவர்கரை #புதுச்சேரி