வேட்டித்திரை கட்டாத தெரு

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு தோல் விளக்குக் கூடு தொங்குகிறது. ஹைதராபாத் மாதாப்பூரின் சில்பாராமம் கைவினைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. ஒளி ஊடுருவும்படி சுரண்டிப் பதமாக்கிய ஆட்டுத்தோல். அதில் வாலைச் சுருட்டி உட்கார்ந்த அனுமார். அவர் கழுத்து மாலையின் ஒவ்வொரு மணியும் உளியால் தட்டிய துளை; பல்பைப் போட்டால் மாலை மட்டும் தனியாக மின்னும். ஆந்திரத்தின் நிம்மலகுண்டாவில் தோலு பொம்மலாட்டக் குடும்பங்கள் இப்படிச் செய்கின்றன. அவ்வூர்க் கலைஞர் தளவாயி சலபதி ராவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திரைக்குப் பின்னால் ஆட வேண்டிய பொம்மை, பார்க்க ஆளில்லாமல் பல்புக்குச் சட்டையாகிவிட்டது. ஒரு நாள்கூட அந்த ஆட்டத்தைப் போய்ப் பார்க்காத நாங்கள், வீட்டுக்கு வருகிறவர்களிடம் விளக்கைக் காட்டிப் பெருமைப்படுகிறோம்.

நாங்கள் என்றால் இதே நகரின் அமீர்பேட் தமிழர்கள். ஜாவாவும் டெஸ்டிங்கும் படிக்க மதுரை, சேலம் பக்கமிருந்து வந்து, மைத்ரிவனத்தைச் சுற்றியுள்ள ஹாஸ்டல்களில் அறைக்கு மூவராகக் கிடந்து, வேலை கிடைத்ததும் இங்கேயே ஊன்றிக்கொண்டவர்கள்.

2007 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை. எங்களிடமிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில், ஹுசேன் சாகர் கரையின் லும்பினி பூங்காவில், திறந்தவெளி அரங்கில் லேசர் காட்சி. ஒளி பார்க்க வந்து இருட்டில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவே குண்டு வெடித்தது. சில நிமிடங்களில் கோட்டி பகுதியின் கோகுல் சாட் உணவகத்தில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து 40 பேருக்கு மேல் போனார்கள். லும்பினியில் இறந்தவர்களில் மகாராஷ்டிரத்தின் சங்கம்னேரிலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்களும் உண்டு. எங்கள் வயது, எங்கள் படிப்பு. அன்றிரவு ஊரிலிருந்து அம்மாக்கள் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள். "நான் நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தோம். அந்த வாக்கியத்தோடு எங்கள் துக்கம் முடிந்தது.

காணாதவர்களுக்குக் காட்டுவது எப்படி என்று எங்கள் விளக்கின் தோல் பொம்மைகளின் உறவினர்களுக்குத் தெரியும். கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. 42 அடி நீளக் கூத்துமாடம், திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு, பாடுவது நம் கம்பராமாயணம். ஆட்டுகிறவர்களுக்குப் பெயரே புலவர். அவர்களில் ராமச்சந்திர புலவர் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். எதற்காக ஆடுகிறார்கள் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். ராம-ராவண யுத்தம் நடந்தபோது பகவதியாகிய பத்ரகாளி தாரிகாசுரனோடு சண்டையில் இருந்தாளாம். அதைப் பார்க்க முடியவில்லையே என்று அவளுக்குக் குறை. அந்தக் குறை தீரத்தான் ஆண்டுதோறும் நிழலில் நடத்திக் காட்டுகிறார்கள். மைதானத்தில் ஒரு ஆள் இல்லாவிட்டாலும் விடிய விடிய ஆட்டம் உண்டு. காணாதவளுக்குக் காட்டுவதுதானே வேலை, கூட்டம் எதற்கு?

2007-இல் பிறந்த பிள்ளைகள் இப்போது எங்கள் பழைய ஹாஸ்டல் அறைகளில் இருக்கிறார்கள். ஞாயிறன்று லும்பினிக்குப் போய்ப் படகில் ஏறி, போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் ஒருவனிடம் குண்டுவெடிப்பைப் பற்றிக் கேட்டேன். "தில்சுக்நகர்தானே அண்ணா?" என்றான். அது 2013-இல் இதே நகரில் நடந்த வேறு குண்டுவெடிப்பு. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பார்த்தவர்கள் நாங்கள், காட்டாமல் விட்டதும் நாங்கள்தான்.

காசில்லை என்று சொல்ல முடியுமா? விநாயகர் சதுர்த்திக்குத் தெருவே சந்தா போடுகிறது. சீரியல் பல்பு முனை வரைக்கும் போகிறது. சில ஆண்டுகளில் அதே வாரங்களில்தான் ஆகஸ்ட் 25-ம் வந்துபோகிறது. அன்று பத்து நிமிடம் அந்த பல்புகளை அணைக்கலாம் என்று எந்தச் சங்கக் கூட்டத்திலும் நாங்கள் எழுந்து சொன்னதில்லை. 'அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்' என்பது எங்கள் பழைய சாக்கு. தெலங்கானா போராட்டத் தியாகிகளுக்கு அரசு அகல் வடிவில் எஃகு மாளிகையே எழுப்பி, 2023 ஜூனில் திறந்தது. அதே ஏரிக்கரையில்தான் நிற்கிறது. அது அவர்களுக்கு உரியது. லேசர் பார்க்க வந்து செத்தவர்களுக்கு ஒரு மண் அகலாவது நாங்கள் ஏற்றியிருக்க வேண்டாமா?

செத்தவர்களை நினைக்க மாளிகை தேவையில்லை என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது வங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நிழல் கல்லிலேயே பதிந்துவிட்டது. அந்தக் கல் இன்று அங்குள்ள அமைதி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை நினைத்து, 1985 ஆகஸ்ட் 6 அன்று உலகின் பல நகரங்களில் சாதாரண ஜனங்கள் விடிவதற்குள் தெருக்களில் மனித நிழல்களை வரைந்து வைத்தார்கள். சுண்ணாம்பும் துடைப்பமும் உள்ள எந்தத் தெருவிலும் முடிகிற காரியம்.

எங்களுக்கு அதைவிடச் சுலபம். ஒரு எட்டுமுழ வேட்டி, பின்னால் ஒரு விளக்கு, அட்டையில் வெட்டிய சில உருவங்கள். தோலு பொம்மலாட்டக்காரர்களையே அழைத்து, சம்பளம் கொடுத்து நடத்தினால் இன்னும் சரி. விளக்குக் கூடு விற்பதை விட்டு ஒரு நாள் அவர்கள் தங்கள் தொழிலைச் செய்யட்டும்.

மைத்ரிவனம் பக்கம் மொட்டைமாடி உள்ளவர்கள் ஆகஸ்ட் 25 மாலையில் ஒரு மணி நேரம் தந்தால் போதும். ஹாஸ்டல் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். வேட்டி நான் கொண்டுவருகிறேன்.