நூலகம் விற்ற நூல்

ஆங்கிலப் பாவலர் சேக்சுபியரை இன்று போற்றாதார் இலர். ஆயின், அவர் எழுதிய காலத்தில் அந்நாட்டுப் புலமையுலகம் அவரை எங்கே வைத்திருந்தது என்பதை எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே.

1564ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் இசுட்டிராட்டுபோர்டு என்னும் சிற்றூரில் அவருக்குத் திருமுழுக்கு நடைபெற்றது. தந்தையார் கையுறை செய்து விற்றவர். மகனார் பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர். அந்நாளில் பல்கலைக்கழகங்களில் பாடமும் சொற்போரும் இலத்தீனிலேயே நிகழ்ந்தன. 1592இல், கேம்பிரிட்சிற் பயின்ற இராபர்ட்டு கிரீன் பெயரால் வெளிவந்த நூலொன்று, பிறர் இறகைச் சூடிக்கொண்ட காக்கையென அவரை இகழ்ந்தது. பட்டம் பெறாத நடிகன் பாவெழுதத் துணிவதா என்னும் மேட்டிமையே அவ்வசையின் வேர். நண்பர் பென் சான்சனும், அவரை வாயார வாழ்த்திய பாட்டிலேயே, இலத்தீன் கிரேக்கப் புலமைக் குறைவைச் சுட்டாமல் விட்டாரில்லை!

சேக்சுபியரும் வாளாவிருந்தாரல்லர். தன் பேச்சில் இலத்தீனைக் கலந்து பிதற்றும் பள்ளியாசிரியன் ஒருவனைத் தம் நாடகமொன்றிற் படைத்து நகைப்புக்கு இடமாக்கினார். (ஆசிரியப் பெருமக்கள் சினங்கொள்ள வேண்டா, அவர் எள்ளியது கலப்பு நடையையே.) அவரும் இலத்தீன்வழிச் சொற்களை நிரம்ப ஆண்டவரே, அதனை மறைத்துப் பயனில்லை. ஆங்கிலத்தைப் பிறமொழிக் கலப்பின்றி எழுதவேண்டுமென 1557இலேயே சான் சீக்கு என்னும் கிரேக்கப் பேராசிரியர் மடல் வரைந்தார். அவர் சொல் எடுபடவில்லை. எனினும், இறந்த மகளைக் கையிலேந்தி இலியர் மன்னன் அரற்றும் இடத்தை நோக்குக. துயரின் உச்சியில் அவன் வாயினின்று வருவன, பெரும்பாலும் உழவனும் குழவியும் பேசும் ஓரசைச் சொற்களே. கடன்சொல் அங்கே கைகொடாது.

இனி, ஆக்சுபோர்டின் கதைக்கு வருவோம். அங்கே பெருநூலகம் நிறுவிய தாமசு போட்லி, அச்சாகும் நூல்களிற் படியொன்று தம் நூலகத்திற்கு வருமாறு 1610இல் ஏற்பாடு செய்தார். ஆங்கில நாடகங்களையோ குப்பையென ஒதுக்கினார். சேக்சுபியர் 1616இல் மறைந்தார். அவருடைய நாடகங்களைத் தொகுத்து 1623இல் வெளிவரச் செய்தவர் புலவரல்லர். ஏமிஞ்சு, காண்டெல் என்னும் உடன்நடிகர் இருவர். தொகுப்பிலுள்ள 36 நாடகங்களுட் பாதி அதற்கு முன் அச்சேறாதவை. 'மாக்பெத்து'ம் 'சூலியசு சீசரு'ம் அவற்றைச் சேர்ந்தவையே. அவ்விரு கூத்தர் இலரேல் அவை இன்று நமக்குக் கிடைத்திருக்குமோ?

அத்தொகுப்பின் படியொன்று போட்லி நூலகத்திற்கும் வந்தது. கட்டடம் செய்து, இருப்புத்தொடராற் பிணித்து வைத்தனர். 1663-64இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபின், பழையது மிகையென்று கழித்து விற்றுவிட்டனர்! 1905இல் மாணவர் ஒருவர் தம் வீட்டிலிருந்த பழைய நூலொன்றன் கட்டடத்தைச் செப்பனிடக் கருத்துக் கேட்டு அதே நூலகத்திற்குக் கொண்டுவந்தார். விற்ற நூல் அதுவே என்பது தெளிந்தது. அமெரிக்கச் செல்வர் ஒருவர் அதற்கு 3,000 பவுன் தர முன்வந்தார். நூலகமோ பொதுமக்களிடம் கையேந்தித் தண்டி, 1906இல் அத்தொகையையே கொடுத்து மீட்டது.

நாற்பதாண்டுக்காலம் ஆக்சுபோர்டு மாணவர் கைபட்டுத் தேய்ந்த தாள்கள் அப்படியில் இன்றும் உள. எல்லாவற்றினும் மிகத் தேய்ந்தவை 'உரோமியோ சூலியத்து' நாடகத்தின் தாள்களே.