வாசல் மணியை யாருக்காக இணைக்கிறோம்?

ஆசிரியர் உரை

"பையன் சிங்கப்பூர்லேருந்து வீடியோ பெல் வாங்கியாந்திருக்கான். வீட்டுல அலெக்சாவும் இருக்கு. ரெண்டையும் சேத்து விட்டுருங்க தம்பி." புதுக்கோட்டை கீழராஜ வீதியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர் முதல் அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் சிசிடிவி வேலை எடுப்பவர் வரை, நம்மில் பலருக்கும் பழகிப்போன பேச்சு இது. கருவியை வாங்கியவர் வெளிநாட்டில் இருக்கிறார். கூலியும் அவர்தான் அனுப்புகிறார். அந்தக் கருவியோடு தினமும் புழங்கப்போவது ஊரில் இருக்கும் அம்மாவும் அப்பாவும். பணம் தருபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். இந்த வேலையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்தே வருகின்றன.

ஆப்பில் 'கனெக்டட்' என்று வந்ததும் கருவிப்பையைக் கட்டிவிடும் வழக்கம் நமக்கு வந்துவிட்டது. அதை விட்டாக வேண்டும் என்பதே இந்த உரையின் வாதம். வீட்டில் குடியிருப்பவர், பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், வந்திருப்பது யார் என்று அறிந்து பதில் சொல்ல முடிகிற அன்றுதான் இந்த வேலை முடிகிறது.

முதலில், இந்த இணைப்புக்கு நம் மாவட்டத்தில் உண்மையான தேவை இருக்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரையிலிருந்து கீரமங்கலம் தென்னந்தோப்புகள் வரை, வளைகுடாவுக்கோ சிங்கப்பூர், மலேசியாவுக்கோ ஆள் போகாத தெரு அபூர்வம். ராயவரம், அரிமளம், நச்சாந்துபட்டி, கோனாபட்டு போன்ற நகரத்தார் ஊர்களில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகளில் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கிறார்கள். முகப்பில் அடிக்கும் மணி வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டில் அடுப்பருகே நிற்பவருக்குக் கேட்பதில்லை. கேட்டாலும் மூட்டு வலியோடு அவ்வளவு தூரம் நடந்து வந்து கதவைத் திறப்பதற்குள் கூரியர்காரர் போய்விடுகிறார். இரண்டாம் கட்டில் இருக்கும் ஸ்பீக்கர் "வாசலில் ஆள்" என்று சொல்லி, பக்கத்தில் உள்ள திரை முகத்தையும் காட்டுமானால் அது அந்த வீட்டுக்கு உற்ற துணை. அதனால்தான் இதை அரைகுறையாகச் செய்துவிட்டு வரக் கூடாது.

மின்சாரத்திலிருந்து தொடங்குவோம். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்படும் வயர் பெல்கள், அங்குள்ள வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை நம்பிச் செய்யப்பட்டவை. அவை எதிர்பார்ப்பது 16 முதல் 24 வோல்ட் ஏசி. நம் வீட்டுக் காலிங் பெல் சுவிட்சில் வருவதோ நேரடி 230 வோல்ட். பழைய சுவிட்சைக் கழற்றி, அதே இரண்டு வயரைப் புதுப் பெல்லின் பின்பக்கத்தில் முடுக்கினால் அந்த நொடியே பலகை கருகும். மழையில் நனைந்த கேட் தூணாக இருந்தால் தொடுகிறவர் உயிருக்கே ஆபத்து. லேபிளைப் படிக்காமல் வயரைத் தொடாதீர்கள். கருவிக்குரிய அடாப்டரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ வீட்டுக்குள் வைத்து, குறைந்த மின்னழுத்தத்தை மட்டுமே கேட்டுக்குக் கொண்டுபோங்கள்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 20 மீட்டர் ஓட்டினால், போகவும் வரவும் சேர்த்துத் தடை சுமார் 1.5 ஓம். 5 வோல்ட் அடாப்டரில் ஓர் ஆம்பியர் இழுக்கும் பெல்லுக்கு வழியிலேயே 1.5 வோல்ட் போய்விடும். கேட்டில் மிஞ்சுவது மூன்றரை வோல்ட். பகலில் ஒழுங்காக ஓடும் பெல், இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எழும். வாடிக்கையாளர் "பெல்லே சரியில்லை" என்பார். அதே வேலையை 24 வோல்ட் ஏற்கும் கருவியில் செய்தால் இழப்பு 0.3 வோல்ட் அளவுதான். தூரம் அதிகமென்றால் தடித்த வயர் போடுங்கள், அல்லது உயர் வோல்ட் கருவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பேட்டரி மாடல் என்றால் மேற்குப் பார்த்த சுவரைத் தவிருங்கள். லித்தியம் பேட்டரிக்கு நம் சித்திரை வெயில் ஆகாது.

அடுத்தது வைஃபை. பல பெல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே வேலை செய்கின்றன. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்த ரவுட்டரில், போன் ஐந்தில் நிற்க, பெல் 2.4-ஐத் தேடி அலைந்து பதிவே ஆகாமல் நிற்பதுண்டு. செட்டிநாட்டு வீட்டில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல்: செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள் சிக்னலை விழுங்கிவிடும். மலிவான ரிப்பீட்டரைச் செருகிவிட்டு வருவதால் பயனில்லை. ஃபைபர் மோடத்திலிருந்து முகப்பு வரை ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். அது முடியாவிட்டால் திறந்த வளவு முற்றத்தைப் பார்த்தபடி வைக்கலாம். வானம் தெரியும் இடத்தில் அலைக்குத் தடையில்லை. ஒன்று மட்டும் கூடவே கூடாது: நிலைக்கதவின் தேக்கு வேலைப்பாட்டில் துளை போடுவது. பின்னாளில் கட்டிய திண்ணைச் சுவரிலோ கேட் தூணிலோ பெல்லை வைக்க எப்போதும் வழி இருக்கும்.

இப்போது குரல் உதவியாளருக்கு வருவோம். முகப்பில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி ரவுட்டர் வழியாகப் பெல் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து அமேசானின் சர்வருக்கு, பிறகு அதே ஃபைபர் வழியாகத் திரும்பி இரண்டாம் கட்டு ஸ்பீக்கருக்கு. அறுபது அடி தூரத்துக்கு ஒரு மணியோசை உலகைச் சுற்றி வருகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஸ்பீக்கர் ஊமையாகும். எனவே ரவுட்டர், ஃபைபர் மோடம், பெல், ஸ்பீக்கர் நான்கும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றனவா என்று மெயினை அணைத்துப் பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பிறகு ஆலங்குடி, கறம்பக்குடி பக்கத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருளில் கிடந்தன என்பது நமக்குத் தெரியும். அன்று கம்பம் நட்ட கைகளில் நம்முடையதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் இன்டர்நெட் பெல் எதற்கும் ஆகாது. இன்டர்நெட் இல்லாமலே ஒலிக்கும் சைம் ஒன்றைக் கூடவே போடுங்கள், அல்லது பழைய காலிங் பெல்லை அதன் இடத்திலேயே விட்டு வாருங்கள்.

ஆப் வேலையில் நம்மைச் சுற்ற வைப்பவை மூன்று. ஒன்று, நாடு. மகன் சிங்கப்பூர்க் கணக்கில் பெல்லைப் பதிந்திருப்பார். வீட்டிலுள்ள அலெக்சா ஸ்பீக்கரான எக்கோ இந்தியக் கணக்கில் இருக்கும். அந்தப் பெல்லை அலெக்சாவோடு சேர்க்கும் ஸ்கில் இங்கே கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் கருவி பட்டியலில் வராமல் போகலாம். வேலையை ஏற்கும் முன்பே எந்தக் கணக்கு, எந்த நாடு என்று கேட்டுவிடுங்கள். இரண்டு, அறிவிப்பு. ஸ்கில்லை இணைத்து, கருவியைக் கண்டுபிடிக்க வைத்த பிறகும், பெல் அழுத்தினால் அறிவிக்கும் வசதியை அலெக்சா ஆப்பில் அந்தக் கருவியின் செட்டிங்கில் தனியாக ஆன் செய்ய வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு, இணைப்பே நடக்கவில்லை என்று நினைத்து முதலிலிருந்து தொடங்குகிறார்கள். மூன்று, பெட்டியின் மேல் எழுதியிருப்பது. 'அலெக்சாவுடன் வேலை செய்யும்' என்ற வரிக்கு எக்கோ ஷோ திரையில் படம் காட்டும் என்பது மட்டுமே பொருளாக இருக்கலாம். மணி அறிவிப்பும், வாசலில் நிற்பவரோடு இருவழிப் பேச்சும் எல்லா மாடலிலும் இருப்பதில்லை. திரையில்லாத ஸ்பீக்கரில் முகம் தெரியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மொழி இன்னொரு சுவர். 2017 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த எக்கோ, 2019-ல் இந்தி பேசத் தொடங்கியது. தமிழ் அதன் மொழிப் பட்டியலில் இல்லை. பெல்லுக்கு 'ஃப்ரன்ட் டோர்' என்று பெயர் வைத்துவிட்டு வந்தால், எழுபது வயது அப்பத்தாவுக்கு அந்த அறிவிப்பு வெறும் சத்தம். இதற்கு ஒரு வழி உண்டு. ரொட்டீன் பகுதியில் பெல் அழுத்தப்படுவதைத் தூண்டுதலாக வைத்து, அலெக்சா சொல்ல வேண்டிய வாசகமாக 'வாசல்ல ஆள் வந்திருக்காங்க' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். உச்சரிப்பு கொஞ்சம் கோணும்; எழுத்தை மாற்றி மாற்றித் தட்டிக் கேட்டு, வீட்டுக்காரருக்குப் புரியும்வரை சரிசெய்யுங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம்தான் அந்தக் கருவியை அந்த வீட்டுக்குச் சொந்தமாக்குகிறது.

குரலால் பூட்டைத் திறக்கும் வசதியை யாராவது கேட்டால் நிதானியுங்கள். சன்னலுக்கு வெளியே நின்று உரக்கச் சொன்னாலும் ஸ்பீக்கர் கேட்கும். ரகசிய எண் இல்லாமல் பூட்டை இணைப்பதில்லை என்பதைத் தொழில் விதியாகவே வைத்துக்கொள்வோம். முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் அந்த வசதியே வேண்டாம் என்று சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும்.

அடுத்து, கேமரா எதைப் பார்க்கிறது என்ற கேள்வி. நம் தெருக்கள் அகலமானவை அல்ல. அகன்ற கோணக் கேமராவில் எதிர்வீட்டுத் திண்ணையும், தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்களும் விழுவார்கள். 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு கவுண்டி நீதிமன்றம், இத்தகைய பெல்லும் கேமராக்களும் வைத்த ஒருவர் அண்டை வீட்டாரின் தரவுப் பாதுகாப்பு உரிமையை மீறினார் என்று தீர்ப்பளித்தது. படத்தைவிட வெகுதூரப் பேச்சைப் பதியும் ஒலிப்பதிவே அதிகம் பாதிப்பது என்றும் நீதிபதி சுட்டிக்காட்டினார். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதைத் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. ஆனால் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. ஒரே வீட்டில் குடியிருக்கும் மற்றவரின் சம்மதமின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்ற கல்கத்தா உயர் நீதிமன்ற உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025-ல் மறுத்தது. பங்காளிகள் பலருக்குப் பங்குள்ள வீடுகளில் வேலை செய்யும் நாம் இதை மறக்கக் கூடாது. எதிர்வீட்டு வாசலை மறைப்புப் பகுதியாகக் குறியுங்கள். தேவையில்லாவிட்டால் ஒலிப்பதிவை அணைத்து வையுங்கள். பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடைசியாக, நம் பக்கத்துப் பொறுப்பு. 2023 மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கைகளில், ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் அந்தரங்க வீடியோக்களைப் பார்க்க இடம் கொடுத்ததற்காக வீடியோ பெல் விற்கும் ரிங் நிறுவனம் 58 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்த அலெக்சா விவகாரத்தில் அமேசான் தந்தது 2.5 கோடி டாலர். நாம் சேர்க்கும் இரண்டு முனைகளிலும் இது நடந்திருக்கிறது. அவ்வளவு பெரிய இடத்தில் நடந்தது நம் சட்டைப்பையிலும் நடக்கலாம். அவசரத்துக்குத் தன் போன் எண்ணிலேயே கணக்கைத் தொடங்கி, ஓடிபியைத் தானே வாங்கி, பிறகு மாற்றாமல் விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படியானால் அந்த வீட்டு வாசல் நம் போனில் திறந்தே கிடக்கிறது. ஒரு பெண் தனியாக வசிக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய நம்பிக்கைத் துரோகம் கிடையாது.

ஆகவே இனி ஒவ்வொரு வேலையையும் இப்படி முடிப்போம். கணக்கு வீட்டுக்காரர் எண்ணில் இருக்க வேண்டும்; மகனோ மகளோ பகிர்வு உறுப்பினராக இருக்கட்டும்; நம் போனிலிருந்து ஆப்பை அவர்கள் கண்ணெதிரே வெளியேற்ற வேண்டும். நாம் வாசலில் நின்று மணி அடிக்க, அம்மா உள்ளே தானாகவே கேட்டு, பார்த்து, பதில் சொல்ல வேண்டும். மெயினை அணைத்து ஒருமுறை, ரவுட்டரை அணைத்து ஒருமுறை அடித்துக் காட்டி, எப்போது எது வேலை செய்யாது என்று விளக்க வேண்டும். எந்த அடாப்டர் எங்கே இருக்கிறது, எந்த எண்ணில் கணக்கு இருக்கிறது, பதிவை எப்படி அழிப்பது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மெயின் போர்டு அருகே ஒட்ட வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதக் கூடாது.

இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேளுங்கள். பில்லில் 'ஒப்படைப்பு, பயிற்சி' என்று தனி வரியாகவே போடுங்கள். எதற்கு என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கேட்டால், உங்கள் அம்மா தனியாக மணிக்குப் பதில் சொல்லப் பழகியதற்கு என்று சொல்லுங்கள். அந்த வரிக்குப் பேரம் பேசுகிறவர்கள் குறைவாகவே இருப்பார்கள். ஆன்லைனில் பெல் விற்கும் எவராலும் கொடுக்க முடியாத சேவை அது ஒன்றுதான். நம் தொழில் நிலைக்கப்போவதும் அதை நம்பித்தான்.