கிண்டியில் அவிழ்ந்த முப்புரி

மாமல்லபுரம் கடற்கரையில் படகைப் பிணைக்கும் கயிற்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். புரி ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக முறுக்கேறியிருக்கும். மூன்று புரிகளும் சேர்ந்து அதற்கு எதிர்ப்பக்கமாகத் திரிந்திருக்கும். இழுக்க இழுக்க இறுகுமே தவிர, பிரியாது. நம் தோலையும் எலும்பையும் தசைநாரையும் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் கட்டமைப்பும் ஏறக்குறைய இதுதான். அந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்தார்கள்.

அதே காலத்தில் நடந்த டி.என்.ஏ. கதையை நாம் எப்போதும் லண்டன், கேம்பிரிட்ஜ் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். 1952 மே மாதம் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவருடைய மாணவர் கோஸ்லிங்கும் எடுத்த எக்ஸ்ரே படம், ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமலே கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வாட்சனின் கண்ணில் பட்டது. 1953 ஏப்ரல் 25 அன்று 'நேச்சர்' இதழில் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வெளியானது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் டி.என்.ஏ.வுக்கு மூன்று இழை என்று எழுதிச் சறுக்கியிருந்தார்.

மூன்று இழை வேறோரிடத்தில் காத்திருந்தது. சி.வி. ராமனின் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயது. ராமனின் சொல்லை மதித்து, துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் 1952இல் அவரைப் பேராசிரியராக்கி, ஒரு துறையையே கையில் கொடுத்தார். சென்னைக்கு வந்த பெர்னல் என்ற பிரிட்டிஷ் அறிஞர், கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

சுறாத் துடுப்பு நாரில் கிடைத்த எக்ஸ்ரே படம் மங்கலாக இருந்தது. பிறகு அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநார் வந்தது, படம் தெளிந்தது. கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். இருப்பதிலேயே சிறியது அதுதான். மூன்று சங்கிலிகள் நெருங்கும் நடு அச்சில் அது மட்டுமே அடங்கும் என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் கணக்குப் போட்டார்கள். 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' அவர்களுடைய மாதிரியை வெளியிட்டது. அடுத்த ஆண்டே மூன்றையும் ஒன்றோடொன்று முறுக்கித் திருத்தினார்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள்: அணுக்கள் இவ்வளவு நெருங்க முடியாது. ஓரளவுக்கு அது சரியான விமர்சனம்தான். சென்னைக்காரர்கள் ரோஷப்பட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கும் என்று, அதுவரை வெளிவந்த படிக ஆய்வுகளையெல்லாம் துருவினார்கள். 1963இல் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் தந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' அதில் விளைந்தது. புரத மாதிரி சரியா தவறா என்று உலகெங்கும் இன்றும் அதில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அதே சசிசேகரன் 1970களில் பெங்களூரிலிருந்து இரட்டைச் சுருளையே கேள்வி கேட்டார். இழைகள் பின்னாமல் பக்கம்பக்கமாக இருக்கலாமே என்றார். பின்னால் வந்த படிகச் சான்றுகள் அதை ஏற்கவில்லை. ஆனால் கேட்கத் துணிவு இருந்தது.

ராமச்சந்திரனுக்கு நோபல் தரவில்லையே என்று ஆண்டுக்கொரு முறை அங்கலாய்ப்பதில் பயனில்லை. அவருக்குத் தொடக்கத்தில் கிடைத்தவை ஸ்டாக்ஹோமிலிருந்து வரவேண்டியவை அல்ல: பதவி, பணம், தலையிடாத நிர்வாகம். மூன்றும் பல்கலைக்கழகத் தலைமையகம் இருக்கும் சேப்பாக்கத்திலேயே கிடைத்தன. அதே பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி ஓராண்டு கடந்தும் நிரம்பவில்லை. நியமன அதிகாரம் யாருக்கு என்று மாநில அரசும் ஆளுநரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஆசிரியர் பணியிடங்கள் பல அப்படியே காலியாகக் கிடந்தன.