வாடகைக் கிடங்குகளும் காவற் காமிராக்களும்

புகார் நகரத்தின் ஐவகை மன்றங்களுள் வெள்ளிடை மன்றம் என்பது ஒன்று. அயலூர் வணிகர் தத்தம் பெயரும் அளவும் பொறித்த பொதிகளை ஆண்டுக் குவித்துச் செல்வர். அவற்றிற்குக் கதவுமில்லை; தாழுமில்லை; காவலாளருமில்லை. கள்வன் ஒருவன் பொதியைத் தூக்குவானாயின், அச்சுமை அவன் தலையினின்றும் இறங்காது. கழுத்து நோக அவன் அவ்விடத்தையே சுற்றி உழல்வான் எனச் சிலப்பதிகாரம் கூறும். இதனைக் கற்குந்தோறும் எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. தாம் அருகில் இல்லாதபோது தம் பொருளைக் காப்பது யாது என்னுங் கவலை அக்காலத்தார்க்கும் இருந்தது. இக்காலத்தார்க்கும் அது தீர்ந்தபாடில்லை.

அத்தகைய மன்றம் இன்று யாண்டும் இல்லை. ஆயினும் அதன் தொழிலைச் செய்யும் கிடங்குகள் சென்னைக்கு மேற்கே தோன்றியுள்ளன. அம்பத்தூரில் 1960ஆம் ஆண்டுகளில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையோ மேற்றிசைச் சரக்கு நகர்புகும் வாயிலாயிற்று. இவ்வூர்களுக்குப் பிழைப்பு நாடி வருவோரும், இங்கிருந்து பணிமாற்றம் பெற்றுச் செல்வோரும் மிகப் பலர். கட்டிலும் பீரோவும் பாத்திரமும் புத்தகமும் உடன்கொண்டு செல்ல இயலாதார், மாத வாடகைக்கு ஓர் அறை பிடித்து, அவற்றை உள்ளே வைத்துப் பூட்டித் திறவுகோலைத் தாமே கொண்டு செல்கின்றனர். இவ்வறைகளைக் காத்தற்குரிய காமிரா முறையைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

காமிரா வாங்கப் புகுவோர் முதலிற் கேட்பது, "எத்தனை காமிரா வேண்டும்?" என்பதாம். அறை பிடிக்க வருவோரும் அவ்வெண்ணையே கேட்டு மனநிறைவு அடைகின்றனர். இது பிழை என்பது எம் துணிபு. கிடங்கிற்கு வேண்டுவது பல கண்கள் அன்று, நீண்ட நினைவே.

காரணம் கூறுவாம். நகைக்கடையில் ஒரு பொருள் மறைந்தால் அன்று மாலையே கணக்கிற் புலப்படும். வாடகைக் கிடங்கின் இயல்பு வேறு. ஆவடியிலுள்ள படைவீரர் ஒருவர் ஜூன் மாதத்தில் வடநாடு செல்கின்றார் என்று கொள்வோம். அவர் மனைவியார் டிசம்பரில் வந்து அறையைத் திறந்து பார்க்க, பெட்டி ஒன்றைக் காணோம். களவு நிகழ்ந்தது ஆகஸ்டில். பதிவுப் பெட்டியோ முப்பது நாட் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதை அழித்துப் புதியதை எழுதும் இயல்பினது. அவ்விடத்தே முப்பத்திரண்டு காமிரா இருந்தும் அவ்வம்மையார்க்குப் பயன் யாது? களவைக் கண்ட கண்கள் கண்டதை மறந்துவிட்டன.

"நெடுநாட் பதிவுக்குப் பெருஞ்செலவு ஆகுமே" என்பார்க்கு ஒரு கணக்குக் காட்டுவோம். ஒரு காமிரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் இடையறாது எழுதினால், நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் ஆகும். பதினாறு காமிராக்கள் முப்பது நாள் எழுதுதற்கு ஏறக்குறைய 10.4 டெராபைட் வேண்டும். ஆனால், கிடங்கின் நடைவழிகள் நாளின் பெரும்பகுதி ஆளின்றிக் கிடப்பன. வெறுஞ்சுவரை இரவும் பகலும் எழுதி வைப்பதால் விளைவது யாது? வாயிலிலும் படிக்கட்டிலும் உள்ள நான்கு காமிராக்கள் மட்டும் இடையறாது எழுதுக. ஏனைய பன்னிரண்டும் அசைவு கண்டபோது மட்டும் எழுதுக. அவ்வசைவு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் எனக் கொள்ளின், தொண்ணூறு நாட்பதிவும் 9.7 டெராபைட்டில் அடங்கும். அதே தட்டில் நினைவு மும்மடங்காயிற்று.

இதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. ஓர் அறையின் வாயிலில் எவரேனும் நின்றாலும், அதன் கதவு திறக்கப்பட்டாலும், அக்காட்சியைத் தனியே பிரித்து, அவ்வறைக்கு உரியவர் அடுத்த முறை வந்து தம் பொருளைச் சரிபார்க்கும்வரை அழியாது வைத்தல் வேண்டும். முந்நூறு அறைகள், ஒவ்வொன்றும் ஆண்டிற் பத்துமுறை திறக்கப்படுவது, முறைக்குப் பத்து நிமிடக் காட்சி. இங்ஙனங் கொள்ளினும், ஆண்டு முழுமைக்கும் 450 ஜிகாபைட்டே செல்லும். பதிவின் காலத்தை அறுதியிட வேண்டுவது தட்டின் அளவு அன்று; பொருளுடையாரது வருகையே என்க.

அடுத்து நோக்கற்பாலது தெளிவு. ஒருவர் முகத்தை இன்னாரென ஐயமின்றி அறிதற்கு, அவர் நிற்குமிடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது உலகநாடுகள் கைக்கொள்ளும் அளவை. 1920 பிக்சல் அகலமுள்ள காமிரா, எட்டு மீட்டரினும் குறைந்த அகலத்தையே அத்துணைத் தெளிவாய்க் காட்டவல்லது. முற்றம் முழுவதையும் ஒரே காமிராவால் அளாவ முயல்வோர்க்குக் கிட்டுவது ஆளின் உருவமேயன்றி முகம் அன்று. ஆதலின் எவரும் தப்பாது கடக்கவேண்டிய குறுகிய வாயிலில், முகத்தின் உயரத்திற்கு அண்மையில், நல்ல காமிரா ஒன்று இருத்தல், கூரைமேற் பத்து இருத்தலினும் நன்று.

நம் பகுதிக்கே உரிய இடர் மழை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்ததை யாவரும் அறிவர். அந்நாளில் மின்சாரமும் நின்றது. காவல் தளர்வதும் கள்வன் துணிவதும் அத்தகைய நாளிலேயாம். ஆகவே பதிவுப் பெட்டியை வாயிலறை மேசையின்கீழ் வையாது, மேல்மாடியிற் பூட்டிய அறையில் வைத்தலும், மின்சாரம் நின்றவழி உதவும் மின்கல ஏற்பாடு செய்தலும், முதன்மையான காட்சிகளுக்கு வேற்றிடத்தில் ஒரு படி வைத்தலும் இன்றியமையாதன. கடிகாரமும் பிழையாதிருத்தல் வேண்டும். நாழிகை தவறிய காட்சி வழக்கிற்கு உதவாது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, இத்தகைய பதிவுகளை நீதிமன்றத்தில் அளிப்போர் உரிய சான்றிதழும் உடன் அளிக்கவேண்டும் என்கின்றது.

காப்பதற்கு வைத்த கண்ணே களவுக்குத் துணையாதலும் உண்டு. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் 2016இல் மிராய் என்னும் தீநிரல் கைப்பற்றி, அமெரிக்காவிற் பெரிய இணையத்தளங்கள் பலவற்றை முடக்கியது. எனவே கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. அரசின் பாதுகாப்புச் சோதனையிற் தேறிய காமிராவையே வாங்குக. காமிரா நடைவழியை நோக்குக. அறையின் உள்ளே நோக்கற்க. ஒருவர் தம் பொருளைத் திறந்து பார்ப்பதும், மறைந்த தந்தையின் சட்டையைக் கையிலெடுத்துச் சிறிது நேரம் நிற்பதும், பிறர் காணத்தக்க காட்சிகள் அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

"வறுமையுற்றோர் வைக்கும் பழம் பாத்திரத்திற்கு இத்துணைப் பாடு வேண்டுமோ?" என்று வினவுவார் உளர். செல்வர்க்கு வங்கியிற் பெட்டகம் உண்டு. ஒற்றை அறையை வாடகைக்குப் பிடிப்போர்க்கோ அவ்வறையில் இருப்பதே வீடு முழுவதும். பிறர் பொருளை ஒப்புக்கொண்டோன், அறிவுடையான் தன் பொருளைக் காக்குமளவிற் காக்கவேண்டும் என 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு விதிக்கின்றது. வாடகைத் தாளில் "யாம் பொறுப்பல்லேம்" என்று சிற்றெழுத்தில் எழுதி நழுவுவாரும் உளர். சட்டம் அவரை விடினும் அறம் விடாது.

கிறித்தவ வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உக்கிராணக்காரன் என்றொரு சொல் வழங்குகின்றது. உக்கிராணமாவது பண்டசாலை, அதனைக் காத்துக் கணக்கொப்புவிப்பவன் உக்கிராணக்காரன். அவனிடம் எதிர்பார்க்கப்படுவது உண்மையுடைமை ஒன்றே. காமிரா அவ்வுண்மைக்குத் துணையாகுமேயன்றி அதன் இடத்தை நிரப்பாது. வாரந்தோறும் பதிவைத் திறந்து பார்க்கும் ஆளில்லாக் கிடங்கில் அது சுவரில் அறைந்த அணிகலனாய் முடியும். அன்பர்காள், இனி நீவிர் அறை பிடிக்கச் செல்லுங்கால், காமிரா எத்தனை என்று கேளாது, "யாம் திரும்பி வரும்வரை இக்கிடங்கு எம்மை நினைவில் வைத்திருக்குமா?" என்று கேண்மின். அவ்வினாவிற்கு நேரே விடை கூறவல்லாரிடம் நும் திறவுகோலை நம்பிப் பூட்டிச் செல்லலாம்.