படுக்கையறையில் மீன் தொட்டி வைக்கலாமா?



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். இதில் பரீட்சை கிடையாது.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் திருப்பூரிலிருந்து போன் செய்தார். அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் வரவில்லை. நாளெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாராம். "சார், அம்மா கட்டிலுக்கு எதிர்ல ஒரு மீன் தொட்டி வைக்கலாம்னு இருக்கறனுங்க. பெரியவங்க எல்லாம் படுக்கற ரூம்ல தண்ணி ஆகாதுங்கறாங்க. நீங்க வெச்சிருக்கறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க. வைக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"எழுதிச் சொல்றேன் கண்ணு" என்றேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. வேறு சிலருக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. உங்கள் டீச்சரம்மா போய் இரண்டு வருசம் முடிந்துவிட்டது. அந்தத் தை மாதம் காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் ஊருக்குத் திரும்பிய பிறகு, காலையில் எழுந்திருக்கவே எனக்குத் தோன்றாது. நாற்பது வருசம் ஐந்து மணிக்கு எழுந்தவன், எட்டு மணி வரை கூரையைப் பார்த்துப் படுத்திருப்பேன். பங்குனியில் மகளும் பேரனும் வந்தார்கள். ஈரோட்டில் ஒரு கடையில் இரண்டு அடி தொட்டி, மோட்டார், கூழாங்கல், பத்து மீன் எல்லாம் வாங்கி வந்து என் கட்டிலுக்கு எதிரே வைத்துவிட்டார்கள். "அப்புச்சி, நீங்க படுத்துட்டே பாக்கலாம்" என்றான் பேரன்.

மறுநாளே பங்காளி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "படுக்கற இடத்துல தண்ணி நிறுத்துனா வெசனம்தான் சேரும், கூடத்துக்கு மாத்துங்க" என்றார். அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் எனக்கு வெசனம் தொட்டி வருவதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. வாஸ்து பார்ப்பவர்கள் பார்க்கட்டும்; நான் அதற்குள் போகவில்லை. படுக்கையறையில் மீன் வைப்பதற்கு உண்மையான தடைகள் சில இருக்கின்றன. அவற்றை யாரும் சொல்வதில்லை. நான் மீன்களைப் பலி கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் பத்து மீனும் ஒன்பது நாளில் செத்துப்போயின. மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று நினைத்து முழுவதையும் கொட்டினேன். கல்லையும் ஸ்பான்ஜையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். மிச்சம் இருந்ததும் போய்விட்டது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்ன தெரியுமா? முப்பத்தொரு வருசம் கரும்பலகையில் நைட்ரஜன் சுழற்சி படம் போட்டவன் நான். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று அம்புக்குறி போட்டு, நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று உங்களை ஒப்பிக்கச் சொல்லி, தப்பாகச் சொன்னவர்களை நிற்க வைத்தவன். அந்தச் சுழற்சி என் கட்டிலுக்கு எதிரே நடக்காமல் பத்து உயிர் போனபோது எனக்குத் தெரியவில்லை.

இப்போது சரியாகச் சொல்கிறேன். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஸ்பான்ஜிலும்தான் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனை விட்டது முதல் தப்பு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பான்ஜைக் கழுவி, வளர ஆரம்பித்த பாக்டீரியாவையும் கொன்றது இரண்டாவது தப்பு. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கிற தண்ணீரிலும் மீன் சாகும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகவே தொட்டி வாங்குகிற அன்றே மீன் வாங்காதீர்கள். ஏற்கெனவே நன்றாக ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பான்ஜ் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், பாக்டீரியா சீக்கிரம் பெருகும். முதலில் இரண்டு மூன்று மீன் போதும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் போய்விடும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பான்ஜை அலசுங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் உள்ளது. கப்பி, மோலி போன்ற மீன்கள் அதைத் தாங்கும். டெட்ரா வகைகளுக்கு ஒத்துவராது.

இதெல்லாம் எந்த அறைக்கும் பொருந்தும். படுக்கையறைக்கென்றே சில உண்டு.

முதலாவது கொசு மருந்து. ஐப்பசி மழையில் கொசு அதிகமாகிவிட்டது என்று, சுவர் பிளக்கில் மாட்டுகிற லிக்விடை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். மூன்று மீன் போய்விட்டது. அந்த மருந்துகளில் இருப்பது பைரித்ராய்டு வகை. நமக்கு அவ்வளவாகத் தெரியாது, மீனுக்கு அது கடும் விஷம். அறைக்காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் விடுவதுதான் காற்று மோட்டாரின் வேலை. அப்படியென்றால் மருந்தை நானே குழாய் போட்டு உள்ளே அனுப்பியிருக்கிறேன்! இப்போது கொசுவலை கட்டிப் படுக்கிறேன். கொசுவத்தி, ஸ்பிரே, லிக்விட் இல்லாமல் தூங்க முடியாதவர்கள் படுக்கையறையில் மீன் வைக்க வேண்டாம்.

இரண்டாவது கரண்ட். ஒருநாள் நடுராத்திரி கரண்ட் போய்விட்டது. எழுந்து காலை வைத்தால் தரையெல்லாம் தண்ணீர். மோட்டாரைத் தொட்டிக்குக் கீழே ஸ்டூலில் வைத்திருந்தேன். மோட்டார் நின்றதும் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்கியிருக்கிறது. சைஃபன் தத்துவம், அதுவும் நான் நடத்திய பாடம்தான். பக்கத்திலேயே எக்ஸ்டென்ஷன் பெட்டி கிடந்தது. வழுக்கி விழாமலும் ஷாக் அடிக்காமலும் தப்பித்தது என் அதிர்ஷ்டம். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லையென்றால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள்; விலை சொற்பம். ஒயர் பிளக்குக்கு வருவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும். அப்போது வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். வயதானவர்கள் இருக்கிற அறையில் இதில் அலட்சியம் கூடாது.

மூன்றாவது சூடும் ஏசியும். சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். ராத்திரி ஏசியில் அதே தண்ணீர் குளிர்ந்து பகலில் மறுபடி சூடானால், அந்த ஏற்ற இறக்கத்தில் மீன் நலிந்து வெள்ளைப்புள்ளி நோய் சுலபமாகப் பற்றும். சிறிய தொட்டியில் இது வேகமாக நடக்கும். அதனால்தான் தொட்டி கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லது என்கிறேன். பெரிது என்றால் கனத்தையும் யோசியுங்கள். என் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். கணக்குப் போட்டால் 70 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியும் கல்லும் சேர்த்தால் இரண்டு சிமெண்ட் மூட்டைக் கனம் வரும். டீப்பாய் மேலெல்லாம் வைக்கக் கூடாது.

நான்காவது வெளிச்சம். மீனுக்கு நம்மைப் போல இமை கிடையாது, ஆனால் அதற்கும் தூக்கம் உண்டு. படுக்கை விளக்கு மாதிரி ராத்திரி முழுக்கத் தொட்டி விளக்கை எரியவிடாதீர்கள். ஒருநாளைக்கு எட்டு மணி நேரம் போதும். பாசியும் கட்டுப்படும், நீங்களும் தூங்குவீர்கள். மேலே மூடி போட்டு, ஜன்னலையும் திறந்து வைத்தால் அறையில் ஈரம் தங்காது.

அடுத்து, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம். மேசை மேல் வைத்து ஒரு தங்கமீனை விட்டால் சினிமாவில் வருவது போல அழகாக இருக்கும். ஆனால் தங்கமீன் நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் நீளத்தைத் தாண்டும், பத்து வருசத்துக்கு மேலும் வாழும். அதைக் கிண்ணத்தில் வைப்பது, ஒரு பிள்ளையை வாழ்நாளெல்லாம் அண்டாவுக்குள் உட்கார வைப்பது போல. இத்தாலியில் ரோம் நகராட்சி 2005-இல் இந்தக் கிண்ணங்களுக்குத் தடை போட்டது. நம் நாட்டிலும் 2017 மே மாதம் மத்திய அரசு மீன் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. கிண்ணத்தில் வைத்து விற்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. சென்னை கொளத்தூர் போல வண்ணமீனையே நம்பிப் பல குடும்பங்கள் வாழும் இடங்களில் எதிர்ப்பு வந்தது. பிறகு அந்த விதிகளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். தொழில் செய்பவர்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் கிண்ணத்தை வாங்காமல் இருக்க நமக்குச் சட்டம் எதற்கு?

இன்னொன்றையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். மீன் வளர்த்துச் சலித்துவிட்டால் ஏரியிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற சக்கர் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அப்படி விடப்பட்டு இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகிவிட்டது. உடம்பெல்லாம் முள்ளும் தகடுமாக இருக்கும், வலையைக் கிழிக்கும், விற்கவும் முடியாது. நாம் உள்ளூர் மீன் என்று நினைத்துத் தின்கிற ஜிலேபிக் கெண்டையே 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. வந்த பிறகு பல ஏரிகளில் நம் சொந்தக் கெண்டைகளுக்கு இடம் குறைந்துபோனது. நம் பெரிய ஏரிக்கும் அந்தக் கதி வர வேண்டாம். வேண்டாத மீனைக் கடையிலோ, வளர்க்கிற இன்னொருவரிடமோ கொடுங்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பலன் உண்டா? இங்கிலாந்தில் பிளைமவுத் நகரத்து மீன் காட்சியகத்தில் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதயத்துடிப்பு குறைந்து மனநிலையும் மேம்பட்டதாக அதில் கண்டார்கள். அது பிரம்மாண்டமான தொட்டி. என் இரண்டு அடித் தொட்டிக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டாம் முறை மூன்று கப்பி மீன்களோடு ஆரம்பித்தேன். காலையில் எழுந்து விளக்கைப் போட்டால் மூன்றும் கண்ணாடியோரம் வந்து நிற்கும். தீனிக்குத்தான் வருகின்றன, என் மேல் பாசத்தில் அல்ல. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒருத்தர் காத்திருக்கிறார் என்றால் மனிதன் எழுந்துவிடுகிறான். எட்டு மணி ஏழாகி, ஆறாகி, இப்போது மறுபடியும் ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறேன். மீன் பார்த்து மனசு அமைதியானது என்பதைவிட, பார்த்துக்கொள்ள ஒரு வேலை வந்தது என்பதே சரி. பேரன் தினமும் ராத்திரி போனில் "அப்புச்சி, குட்டி எத்தனை?" என்று கேட்கிறான். அதற்காகவே எண்ணி வைக்கிறேன். நேற்றைய கணக்கு பதினேழு.

இனி திருப்பூர் தம்பிக்கு என் பதில். தாராளமாக வை. மேலே சொன்ன நான்கையும் கவனித்து வை. கட்டிலில் தலை வைத்தபடி பார்த்தால் மீன் தெரிகிற உயரத்தில் இருக்கட்டும். முதல் மீன் செத்தால் அம்மாவிடம் மறைக்காதே, அவர் நம்மைவிட அதிகம் பார்த்தவர்.

ஆனால் ஒன்று. தொட்டியை வாங்கி வைத்துவிட்டு, "அம்மாவுக்குத்தான் பொழுது போகுதே" என்று நீ கம்பெனிக்குப் போய்விடாதே. அப்படிச் செய்தால் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பார்த்துப் படுத்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். காலையில் ஒரு பத்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார். தீனி டப்பாவை அவருடைய இடது கையில் கொடு. நீ கையைப் பிடித்துக்கொள், அவர் தூவட்டும். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவு போதும். கொஞ்சம் சிந்தினால் சிந்தட்டும். மீனுக்கும் அம்மாவுக்கும் உன்னிடமிருந்து வேண்டியது அந்தப் பத்து நிமிடம்தான். அதற்கு நேரமில்லை என்றால் தொட்டி வாங்கும் காசை மிச்சம் பிடி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். வைகாசியில் அந்தப் பக்கம் வருகிறேன். வரும்போது என் தொட்டியின் பழைய ஸ்பான்ஜ் ஒன்றையும் நாலு குட்டிகளையும் கொண்டுவருகிறேன். அதற்குள் தொட்டியைத் தயார் செய்து வை.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார், அந்தியூர்.